செவுளும் ஈரத்தோலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மீன்களையும் தவளை முதலிய இருவாழ்விகளையும் பற்றிச் சில மாதங்களாகச் சேர்ந்திருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தண்ணீரைவிடக் காற்றில்தான் ஆக்சிஜன் அதிகம் என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த மீன் மூச்சுத் திணறிச் சாவது ஏன்?

பதில்: நீங்கள் படித்தது சரியே. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நன்கு காற்றோட்டமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில், 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஆறு அல்லது ஏழு மில்லிலிட்டர்தான் கரைந்திருக்கும். போதாக்குறைக்கு, தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது; அதை வாய்வழியே இழுத்துத் தள்ளுவதற்கே மீன் கணிசமான ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. இவ்வளவு வறுமையிலும் அது பிழைப்பதற்குக் காரணம் செவுளின் அமைப்பு; கரையில் அது சாவதற்கும் காரணம் அதே அமைப்புத்தான்.

மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலான எலும்பு மீன்களில் பக்கத்துக்கு நான்கு வளைவுகள் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் செக்கச்செவேலென்று இரட்டை வரிசையில் மெல்லிய இழைகள் நெருக்கமாக நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். ஒவ்வோர் இழையின் இருபுறமும் நுண்ணிய தகடுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருப்பதைக் காண நுண்ணோக்கி வேண்டும். அந்தத் தகடுகளுக்குள் ஓடும் இரத்தத்துக்கும் வெளியே ஓடும் தண்ணீருக்கும் நடுவே மிக மெல்லிய சவ்வு ஒன்றே தடுப்பு. தண்ணீர் ஒரு திசையில் செல்ல, இரத்தம் அதற்கு நேரெதிர்த் திசையில் பாய்கிறது. ஆகவே ஆக்சிஜனைப் பெரும்பகுதி ஏற்றுக்கொண்டுவிட்ட இரத்தம் புதிதாக நுழையும் தண்ணீரைச் சந்திக்கிறது. ஆக்சிஜன் அற்ற இரத்தமோ ஏற்கெனவே ஆக்சிஜனை இழந்துகொண்டிருக்கும் தண்ணீரைச் சந்திக்கிறது. தகட்டின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும் இரத்தத்தில் இருப்பதைவிடத் தண்ணீரில் சற்றுக் கூடுதலாகவே ஆக்சிஜன் இருப்பதால், அது இரத்தத்துக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். இந்த எதிரோட்ட ஏற்பாட்டினால் சில மீன்கள் செவுள் வழியே செல்லும் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் 80 விழுக்காடு வரை எடுத்துக்கொள்கின்றன. நாம் உள்ளிழுக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வது கால் பங்குதான்.

இத்தனை மெல்லிய தகடுகளை நிமிர்த்தி, தனித்தனியே விலக்கி வைத்திருப்பது தண்ணீரின் தாங்குதல். கரைக்கு வந்ததும் அந்தத் தாங்குதல் போய்விடுகிறது. நனைந்த புத்தகத்தின் தாள்கள் போலத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆக்சிஜன் நுழைவதற்கு இருந்த பரப்பு சுருங்கிப் போகிறது. கார்பன் டை ஆக்சைடும் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்குகிறது. சற்று நேரத்தில் சவ்வு உலரத் தொடங்கினால் எஞ்சிய வாயிலும் அடைபடும். ஆக்சிஜன் உயிருள்ள செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் ஈரத்தில் கரைந்தாக வேண்டும். சுற்றிலும் காற்று நிறைந்திருந்தும், அதை வாங்கிக்கொள்ளும் பரப்பு இல்லாமல் மீன் இறக்கிறது.

கேள்வி: விரால், பனையேறிக் கெண்டை போன்ற மீன்கள் மட்டும் கரையில் நெடுநேரம் உயிரோடிருக்கின்றனவே?

பதில்: அவற்றுக்குச் செவுளைத் தவிர இன்னொரு மூச்சுறுப்பும் இருக்கிறது. பனையேறிக் கெண்டையின் தலையில், செவுளுக்கு மேலே உள்ள ஓர் அறையில், மடிப்பு மடிப்பாக வளைந்த எலும்புத் தகடுகளின்மேல் இரத்த நாளங்கள் நிறைந்த மென்தோல் போர்த்தியிருக்கும். எலும்பு தாங்குவதால் அந்தத் தோல் காற்றிலும் படிந்து ஒட்டிக்கொள்வதில்லை. மீன் வாயில் காற்றை விழுங்கி அந்த அறையில் நிறைத்துக்கொள்கிறது. விராலுக்கும் செவுளுக்கு மேல் இத்தகைய அறை உண்டு. ஆனால் அதன் மடிப்புகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல.

ஆக்சிஜன் குறைந்த சேற்று நீரில் வாழ்ந்து பழகிய இந்த மீன்களின் செவுள்கள் ஒப்புநோக்கச் சிறுத்துப்போயிருக்கின்றன. ஆகவே நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்க விடாமல் வலையிட்டுத் தடுத்துவிட்டால், பனையேறிக் கெண்டை தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறந்துவிடும். மீன் ‘மூழ்கிச் சாகும்’ என்பது வேடிக்கையாகத் தோன்றலாம், உண்மை அதுதான். பனைமரத்தில் ஏறுமா என்றும் ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனையில் தரையிலிருந்து சில அடி உயரத்தில் இந்த மீனைத் தாம் பிடித்ததாக எழுதியது 1797இல் அச்சாகியிருக்கிறது. முள் விளிம்புள்ள செவுள் மூடியை ஊன்றித் தரையில் நகர்வதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். மரமேறும் கதையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

இந்த வரிசையில் எல்லாவற்றையும் விஞ்சியது ஆப்பிரிக்க நுரையீரல் மீன். நீர்நிலை வற்றும்போது அது சேற்றைத் துளைத்துக்கொண்டு கீழே போய், சுருண்டு படுத்து, தன் உடலிலிருந்து கசியும் கோழையையே உறையாக்கிக்கொள்கிறது. வாய்க்கு நேரே ஒரு துளை மட்டும் திறந்திருக்கும். ஆய்வகத்தில் இந்த நிலையில் நான்கு ஆண்டுகள் வரை உயிரோடிருந்தது பதிவாகியிருக்கிறது. சாதாரணமாக மீன்கள் கழிவுநைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கரைத்து விட்டுவிடுகின்றன. உறைக்குள் கிடக்கும் மீனுக்கு அதைக் கரைக்கத் தண்ணீர் இல்லை. எனவே நச்சுத்தன்மை குறைந்த யூரியாவாக மாற்றி உடலுக்குள்ளேயே சேர்த்து வைக்கிறது. இந்த யூரியாவைப் பின்வரும் பதில்களில் மீண்டும் சந்திப்போம்.

கேள்வி: மீன் தண்ணீர் குடிக்குமா?

பதில்: கடல்மீன் குடிக்கும், நன்னீர் மீன் அநேகமாகக் குடிப்பதில்லை.

எலும்பு மீன்களின் இரத்தத்திலுள்ள உப்பின் செறிவு, கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நன்னீரோடு ஒப்பிட்டால் அது மிக அதிகம். ஆக்சிஜனுக்காக அவ்வளவு மெல்லியதாக்கப்பட்ட செவுள் சவ்வு, தண்ணீரையும் உப்பையும் முழுவதுமாகத் தடுத்து நிறுத்த இயலாது. உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வு வழியே செல்லும் என்ற சவ்வூடு பரவலின் விதிப்படி, நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் இடைவிடாமல் புகுந்துகொண்டிருக்கும். உப்பு வெளியே கசிந்துகொண்டிருக்கும். ஆகவே அது குடிப்பதைத் தவிர்த்து, நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து, இழந்த உப்பைச் செவுளிலுள்ள தனிச் செல்களின் மூலம் தண்ணீரிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. கடல்மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. சுற்றிலும் கடலே இருந்தும் அதன் உடல் தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது. அதனால் கடல்நீரைக் குடித்து, குடலால் உறிஞ்சி, கூடவே வரும் உப்பில் பெரும்பகுதியைச் செவுளிலுள்ள செல்கள் வழியே வெளியே தள்ளுகிறது. அதன் சிறுநீரோ மிகச் சொற்பம்.

சுறாக்கள் மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டன. நாம் கழிவென்று வெளியேற்றும் யூரியாவை அவை இரத்தத்தில் பெருமளவு தேக்கி வைத்து, உடல்நீரின் செறிவைக் கடல்நீருக்குச் சமமாக, சற்று மேலாகவே, வைத்திருக்கின்றன. அதனால் தண்ணீர் தானாகவே சிறிது சிறிதாக உள்ளே வருகிறது. குடிக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. அவ்வளவு யூரியா புரதங்களைச் சிதைக்கும் அல்லவா என்று வேதியியல் அறிந்தவர்கள் கேட்பார்கள். அந்தத் தீமையை ஈடுசெய்யும் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற இன்னொரு பொருளையும் சுறா உடன் வைத்துக்கொள்கிறது. இறந்த சுறாவிலிருந்து அம்மோனியா நெடி வீசுவது, பாக்டீரியாக்கள் இந்த யூரியாவைச் சிதைப்பதால்தான்.

ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் சால்மன் மீன் இரண்டு முறைகளையும் அறிந்தது. கடலை அடைவதற்கு முன்பே, இளம் பருவத்தில், அதன் செவுள் உப்பை உறிஞ்சும் வேலையிலிருந்து உப்பை வெளியேற்றும் வேலைக்கு மாறிக்கொள்கிறது. முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும்போது மறுபடியும் மாற வேண்டும்.

கேள்வி: மீன் கண்ணை மூடுவதே இல்லை. அது தூங்குமா?

பதில்: பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, மூடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓய்வு உண்டு. அசைவு குறைந்து, சுற்றி நடப்பதை எளிதில் உணராத நிலையில் பல மீன்கள் நாளின் ஒரு பகுதியைக் கழிக்கின்றன. பவளப்பாறைகளில் வாழும் கிளிமீன்களில் சில இனங்கள், இரவில் வாயிலிருந்து சுரக்கும் கோழையால் தம்மைச் சுற்றிக் கூடு ஒன்றை அமைத்துக்கொண்டு அதற்குள் தூங்குகின்றன. இரத்தம் உறிஞ்ச வரும் சிறு ஒட்டுண்ணிகளை அந்தக் கூடு தடுக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஓயாமல் நீந்தினால்தான் செவுளில் தண்ணீர் பாயும் என்ற நிலையிலுள்ள சூரை மீன்கள் நீந்தியபடியேதான் ஓய்வெடுக்க வேண்டும்.

கேள்வி: ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நேரத்தில் திரும்புகின்றன, ஒன்றோடொன்று மோதுவதில்லை. எப்படி?

பதில்: கண்ணும் பக்கக் கோடும் சேர்ந்து செய்யும் வேலை இது. மீனின் விலாவில் தலையிலிருந்து வால் வரை செல்லும் மெல்லிய கோட்டை உற்றுப் பார்த்தால், அது வரிசையான துளைகள் என்பது தெரியும். துளைகளுக்கு அடியில் ஒரு கால்வாய். கால்வாய்க்குள் நுண்மயிர் கொண்ட உணர்செல்கள். அருகில் ஏதேனும் அசைந்தால் தண்ணீரில் ஏற்படும் நகர்வு அந்த மயிர்களைச் சாய்க்கிறது. நமது உட்செவியில் ஒலியை உணர்பவையும் இதே வகைச் செல்கள்தான். 1976இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணை மறைத்த மீன்களும் கூட்டத்தோடு சேர்ந்து நீந்தின என்பது தெரிய வந்தது.

இந்த உறுப்பு தண்ணீருக்குள் மட்டுமே பயன்படும். தலைப்பிரட்டைகளுக்கும் அது உண்டு. பெரும்பாலான தவளைகளில் உருமாற்றத்தின்போது மறைந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் தண்ணீரிலேயே கழிக்கும் ஆப்பிரிக்க நகத்தவளை போன்ற சில மட்டும் அதைக் கடைசிவரை விடாமல் வைத்திருக்கின்றன.

கேள்வி: தவளை தோலால் சுவாசிக்கிறது என்றால் அதற்கு நுரையீரல் எதற்கு?

பதில்: தோல் மட்டும் போதாது என்பதால். ஆனால் பாடநூல்கள் எழுதுவது போலத் தோல் ஒரு துணையுறுப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தவளையின் உடலிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் போகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தைக் குளத்தின் அடியில் கழிக்கும் தவளைகள் மாதக்கணக்கில் தோலை மட்டுமே நம்பியிருக்கின்றன. குளிரில் உடலின் தேவை வெகுவாகக் குறைந்துவிடுவதாலும், குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரைந்திருப்பதாலும் அது முடிகிறது. பல்லி போன்ற உருவமுள்ள இருவாழ்விகளான சாலமாண்டர்களில் மிகப் பெரிய குடும்பமான பிளெத்தோடான்டிடே முழுவதற்கும் நுரையீரலே கிடையாது.

வெயில் காலத்தில் தாவியோடும் தவளைக்கு நுரையீரல் தேவை. ஆனால் நம்மைப் போல் மார்பை விரித்துக் காற்றை இழுக்க அதனால் இயலாது. உதரவிதானமும் இல்லை, மார்பைச் சூழ்ந்த விலாக்கூடும் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கும் தவளையின் தொண்டையைச் சற்று நேரம் கவனியுங்கள். தொண்டைத் தோல் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அது வாய்க்குழிக்குள் காற்றைப் புதுப்பித்துக்கொள்ளும் அசைவு. இடையிடையே ஒருமுறை நாசித் துளைகள் மூடிக்கொள்ள, தொண்டை வேகமாக மேலெழும். விலாப்புறம் இலேசாகப் புடைக்கும். அப்போதுதான் வாய்க்குழியிலுள்ள காற்று நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. அதாவது, தவளை காற்றை விழுங்குகிறது என்று சொன்னால் தவறில்லை. வாயைத் திறந்தே வைத்திருக்கச் செய்தால் நுரையீரலுக்குக் காற்றை அனுப்ப அதனால் முடியாது.

மூன்று அறை இதயத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வென்ட்ரிக்கிளில் (இதயத்தின் கீழறையில்) நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலந்துவிடுகிறது, ஆகவே அது முழுமை பெறாத இதயம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தோலில் ஆக்சிஜன் ஏற்ற இரத்தம் உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தோடு சேர்ந்து வலப்புற ஆரிக்கிளுக்குத்தான் (மேலறைக்குத்தான்) வருகிறது. ஆக, ‘கெட்ட’ பக்கத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது. தவளை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது நுரையீரலுக்கு இரத்தம் அனுப்புவது வீண். தடுப்புச் சுவர் இல்லாத வென்ட்ரிக்கிள் அந்த இரத்தத்தைத் தோலுக்கும் உடலுக்கும் திருப்பிவிட இடமளிக்கிறது. இரண்டு இடங்களில் மூச்சுவிடும் உயிருக்குப் பொருந்திய இதயம் அது.

தோலின் இன்னொரு வேலையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் ஈர மண்ணிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: தலைப்பிரட்டையின் வால் கடைசியில் எங்கே போகிறது? உதிர்ந்துவிடுமா? (பள்ளி மாணவி ஒருவரின் கேள்வி)

பதில்: உதிர்வதில்லை, தங்கையே; தவளை அதை உள்ளிருந்தே கரைத்துக்கொள்கிறது. வாலின் தசைச் செல்களும் தோல் செல்களும் குறித்த நேரத்தில் தாமாகவே அழிகின்றன. நொதிகள் அவற்றைச் சிதைக்க, சிதைந்த பொருளை வெள்ளணு வகையைச் சேர்ந்த விழுங்குசெல்கள் அப்புறப்படுத்துகின்றன. அதிலிருந்து கிடைக்கும் சத்து வீணாவதில்லை. இந்த நாட்களில் தலைப்பிரட்டை இரை எடுப்பதும் இல்லை, எடுக்கவும் முடியாது. பாசியைச் சுரண்டிய கொம்புப் பற்கள் விழுந்து, தவளைக்குரிய அகன்ற வாய் உருவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. சுருள் சுருளாக நீண்டிருந்த குடல், பூச்சி தின்னும் வாழ்வுக்கு ஏற்பக் குறுகிப்போகும். செவுள் மறையும். அம்மோனியாவைக் கழித்துவந்த உடல் யூரியாவைக் கழிக்கத் தொடங்கும். ஹீமோகுளோபின்கூட வேறு வகையாக மாறிவிடும்.

பின்னங்கால்கள் முதலில் வெளியே தெரிகின்றன. முன்னங்கால்கள் பிறகு வருகின்றன என்று நீ எழுதியிருக்கிறாய். பார்ப்பதற்கு அப்படித்தான். முன்னங்கால்கள் செவுளை மூடியிருக்கும் தோலுக்கு உள்ளே மறைவாக வளர்ந்துகொண்டிருந்து, பிறகு அந்தத் தோலைத் துளைத்துக்கொண்டு முழங்கை முதலாக வெளிவரும்.

இத்தனை மாற்றங்களையும் தூண்டுவது தைராய்டுச் சுரப்பியின் ஹார்மோன். 1912இல் குடர்நாட்ஷ் என்ற ஆய்வாளர் குதிரை முதலிய பாலூட்டிகளின் தைராய்டுச் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்கு இரையாகக் கொடுத்தார். அவை வளராமலே, உரிய காலத்துக்கு வெகு முன்பே, குட்டித் தவளைகளாக உருமாறத் தொடங்கின. ஒரே ஹார்மோன் காலுக்கு ‘வளர்’ என்றும் வாலுக்கு ‘அழி’ என்றும் கட்டளையிடுவது எப்படி என்பதுதான் இதில் உண்மையான புதிர். விடை ஹார்மோனில் இல்லை, அதைப் பெறும் செல்லில் இருக்கிறது. வால் நுனியை வெட்டி முதுகில் ஒட்டினாலும் அது கரைந்தே போகிறது. அதேபோல் கண்ணை எடுத்து வாலில் ஒட்டிய சோதனையில், வால் சுருங்கச் சுருங்க அந்தக் கண் சேதமின்றி முன்னோக்கி நகர்ந்து, இறுதியில் உடலோடு வந்து நின்றது. தன் இடம் எது என்பதைவிடத் தான் எது என்பதையே செல் பார்க்கிறது.

இந்த ஹார்மோன் போதிய அளவு சுரக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவின் ஆக்சலோட்டல் சாலமாண்டரே சான்று. அது வெளிச்செவுள்களோடு, இளம் பருவத் தோற்றத்திலேயே இனப்பெருக்கம் செய்து, முழு வாழ்நாளையும் தண்ணீரில் கழிக்கிறது. ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் அதன் செவுள் சுருங்கி, நிலத்தில் வாழும் சாலமாண்டராக அது மாறிவிடும்.

கேள்வி: தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது உண்மையா?

பதில்: உண்மையில்லை. மருவை உண்டாக்குவது மனிதரைப் பற்றும் ஒரு வைரஸ். தேரையின் மேலுள்ள முண்டுகள் சுரப்பிகள். ஆனால் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் பெரிய சுரப்பிகளில் நச்சுப் பால் உண்டு. தொட்ட கையைக் கழுவாமல் கண்ணில் வைத்தால் எரிச்சல் தாங்காது. நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும்.

கேள்வி: தண்ணீரை மெல்ல மெல்லச் சூடாக்கினால் தவளை வெளியே குதிக்காமல் வெந்து சாகும் என்று மேடைகளில் சொல்கிறார்களே?

பதில்: மேடைகளோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1869இல் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் கோல்ட்ஸ் செய்த சோதனையில், தண்ணீருக்குள் அசையாமல் இருந்தது மூளை அகற்றப்பட்ட தவளைதான். மூளையுள்ள தவளை சூடு ஏறும்போதே தத்தளித்து வெளியேற முயன்றது.

கேள்வி: ஈர மண்ணைத் தோண்டும்போது ஓரடி நீளத்தில், உடல் முழுவதும் வளையங்களோடு, மண்புழு போன்ற ஓர் உயிர் வந்தது. ஆனால் அதற்கு வாய் இருந்தது, கடிக்க முயன்றது. பாம்புக் குட்டியா?

பதில்: நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது சிசிலியனாக இருக்க வேண்டும். தவளைக்கும் சாலமாண்டருக்கும் உறவான, காலில்லாத இருவாழ்வி அது. மண்புழுவுக்குத் தாடை கிடையாது. புழுப்பாம்பு உருவில் ஒத்திருந்தாலும் அதன் உடல் உலர்ந்த செதில்களால் பளபளக்கும். நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். சிசிலியனின் தோல் வழுவழுப்பாக, கோழை பூசியதாக இருக்கும். கண்கள் தோலுக்கடியில் மங்கிய புள்ளிகளாகத் தெரியும். கண்ணுக்கும் நாசிக்கும் இடையே வெளியே நீளும் ஒரு சிறு உணர்கொம்பு உண்டு; வேறெந்த இருவாழ்விக்கும் இது இல்லை. மண்ணுக்குள் மோப்பம் பிடிக்க அது பயன்படுகிறது.

மண்ணுக்கடியிலேயே வாழ்வதால் இருவாழ்விகளில் நாம் மிகக் குறைவாக அறிந்த பிரிவு இதுதான். அறிந்த கொஞ்சமும் வியப்பூட்டுகிறது. கென்யாவில் வாழும் ஓர் இனத்தில், தாயின் மேல்தோல் கொழுப்புச் சத்தோடு தடித்துக்கொள்கிறது. குஞ்சுகள் அதற்கென்றே அமைந்த பற்களால் அந்தத் தோலை உரித்துத் தின்று வளர்கின்றன. இது 2006இல் வெளியாயிற்று. பிரேசிலில் வாழும் வேறோர் இனத்தில், முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த தாய், கொழுப்பு மிகுந்த பால் போன்ற திரவத்தை உடலின் பின்துளை வழியே குஞ்சுகளுக்கு ஊட்டுவது 2024இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் சிசிலியனுக்கு நஞ்சுப்பல் கிடையாது. மண்ணை மூடி விட்டுவிடுங்கள்.

கேள்வி: மீனிலிருந்துதான் நிலத்து விலங்குகள் வந்தன என்பதற்கு நேரான சான்று உண்டா?

பதில்: உண்டு. கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த டிக்டாலிக் என்ற புதைபடிவம், 37.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதற்குச் செதில் உண்டு, துடுப்பு உண்டு. ஆனால் தலை முதலையினுடையதைப் போல் தட்டையானது. தோள் எலும்போடு தலை பிணைந்திராததால், மீன்களுக்கு இல்லாத கழுத்து அதற்கு இருந்தது. துடுப்புக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு ஆகியவற்றுக்கு இணையான எலும்புகள் தெளிவாகத் தெரிகின்றன. அதற்குச் சற்றுப் பிந்திய அகாந்தோஸ்டெகாவின் முன்காலில் எட்டு விரல்கள். ஐந்து என்ற கணக்கு பிறகுதான் நிலைத்தது.

டிக்டாலிக்தான் நம் எல்லோருக்கும் முப்பாட்டன் என்று எழுதுவது அவசரம். போலந்தில் அதைவிட ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான கால்தடங்கள் கிடைத்திருப்பதாக 2010இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே டிக்டாலிக் அந்த மாற்றம் எவ்வாறு நடந்தது என்பதைக் காட்டும் உறவினர் என்று கொள்வதே பொருத்தம்.

நுரையீரல் காலுக்கு முந்தியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய எலும்பு மீன்களுக்கே அது இருந்தது. மீனின் காற்றுப்பையே பின்னாளில் நுரையீரலாயிற்று என்று டார்வின் எழுதினார். இன்று அறிஞர்கள் ஏற்பது இதற்கு மாறானது. நுரையீரலே பெரும்பாலான மீன்களில், மிதப்பதற்கான காற்றுப்பையாக மாறியிருக்கிறது.

கேள்வி: உலகெங்கும் தவளைகள் அழிந்து வருகின்றன என்கிறார்கள். மற்ற விலங்குகளைவிட இவற்றுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

பதில்: வாழிடம் அழிவதே முதல் காரணம், அது எல்லா விலங்குகளுக்கும் பொது. இருவாழ்விகளுக்கென்று தனியாக வந்து சேர்ந்த கேடு, கைட்ரிட் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பூஞ்சை. 1999இல்தான் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம் தவளையின் தோலிலும் உண்டு; அதில் அது குடியேறுகிறது. நமக்கென்றால் தோல் நோயோடு போயிருக்கும். தவளையோ தோலால் மூச்சுவிடுகிறது, தோலால் தண்ணீர் குடிக்கிறது, தோலால் உப்பின் அளவைச் சரிசெய்துகொள்கிறது. நோயுற்ற தோல் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கடத்த முடியாமல் போவதால், இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து, இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது என்பது 2009இல் நிறுவப்பட்டது. தலைப்பிரட்டைக்கு வாயில் மட்டுமே கெரட்டின் இருப்பதால் அது பெரும்பாலும் சாவதில்லை. பூஞ்சையைச் சுமந்துகொண்டு வளர்ந்து, தவளையாகி, தோல் முழுவதும் கெரட்டின் வந்த பிறகு நோய் முற்றுகிறது. அதனால்தான் தலைப்பிரட்டைகள் நிறைந்த குளத்திலும் மறு ஆண்டு தவளைச் சத்தம் கேட்காமல் போகிறது.

இந்தப் பூஞ்சையால் குறைந்தது 501 இனங்கள் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன என்று 2019இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. கோஸ்டா ரிகாவின் பொன்னிறத் தேரை 1989க்குப் பிறகு காணப்படவேயில்லை. இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் உலக மதிப்பீடு சொல்கிறது. அடைத்து வளர்க்கும் தவளைகளைப் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த நீரில் குளிப்பாட்டிக் குணப்படுத்த முடிகிறது. காட்டிலும் ஓடையிலும் அது நடைமுறைக்கு ஒத்துவருவதில்லை. வளர்ப்புத் தவளைகளையும் அவற்றின் தண்ணீரையும் நீர்நிலைகளில் கொண்டுபோய் விடாதிருப்பது நாம் செய்யக்கூடிய உதவி.

கேள்வி: கடலில் தவளை உண்டா?

பதில்: முழுநேரக் கடல்வாசி ஒன்றும் இல்லை. காரணம் முன்பே சொன்ன அந்தத் தோல்தான். கடல்நீரில் விட்டால் சாதாரணத் தவளையின் உடல்நீர் தோல் வழியே வெளியேறிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கைக் குறிப்பிடலாம். தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளை, கடல்நீரின் செறிவில் முக்கால் பங்குக்கு மேல் உப்புள்ள நீரையும் தாங்கும். எவ்வாறு என்பதை 1961இல் ஷ்மிட்-நீல்சன் முதலியோர் கண்டறிந்தார்கள்: அது சுறாவைப் போலவே இரத்தத்தில் யூரியாவைத் தேக்கிக்கொள்கிறது. அதன் தலைப்பிரட்டையோ இன்னும் கூடுதலான உப்பைத் தாங்குகிறது. ஆனால் அதன் வழி வேறு. எலும்பு மீன்களைப் போல, அது உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. மழை பெய்து நீரின் உப்பு குறையும்வரை அந்தத் தலைப்பிரட்டைகள் உருமாற்றத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்கின்றன.